நானோவில் பிஎச்டி: 40 பேப்பர் கைடா, மூன்று பேப்பர் கைடா?

கேள்வி: பி.டெக், எம்.டெக் இரண்டுமே கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தேன். வயது 26. இரண்டு வருடமாக ஒரு பெயின்ட் கம்பெனியில் புரொடக்‌ஷனில் இருக்கிறேன். கையில் 38,000 வருகிறது, கல்விக் கடனுக்கு மாதம் 9,000 போகிறது. நானோ பொருட்களில் பிஎச்டி செய்து பேராசிரியர் ஆக வேண்டும் என்பது கல்லூரி நாள் ஆசை. இப்போது இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் நானோ மையம். கைடு வருடத்துக்கு 40 பேப்பர் போடுகிறார். இலைச்சாறு வைத்து வெள்ளி, துத்தநாக ஆக்சைடு துகள்கள் செய்து சாயக் கழிவுநீரைச் சுத்தப்படுத்துவது தலைப்பு, மூன்று வருடத்தில் முடித்துவிடலாம் என்கிறார். இன்னொன்று மத்திய அரசு நிறுவனம். அங்கே கைடுக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று பேப்பர்தான். தண்ணீர் சுத்திகரிப்புக்கான இரும்பு ஆக்சைடு துகள்களைத் தொடர் ஓட்டத்தில் தயாரிப்பது தலைப்பு, ஐந்து வருடம் ஆகும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நானோவுக்கு இன்னும் ஸ்கோப் இருக்கிறதா? எதில் சேரலாம்? இருக்கிற வேலையை விடாதே என்கிறார் அப்பா.
— ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: தம்பி, இரண்டாவது இடத்தில் சேருங்கள். ஆனால் ஏன் என்று தெரியாமல் போய்ச் சேர்ந்தால், மூன்றாம் வருடம் அந்த முதல் லேபில் சேர்ந்த யாரோ அங்கி போட்டுப் பட்டம் வாங்குகிற போட்டோவைப் பார்த்து வயிறு எரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அப்பா சொல்வதற்கும் வருகிறேன், அவர் சொல்வதில் பாதி சரி.

முதலில் ஸ்கோப். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2001-ல் நானோவுக்கென்று ஒரு திட்டம் தொடங்கி, 2007-ல் அதையே நானோ மிஷன் ஆக்கி ஐந்து வருடத்துக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தபோது, ஊருக்கு ஒரு நானோ மையம் முளைத்தது. அந்தத் திருவிழா முடிந்துவிட்டது, உண்மைதான். இன்றைக்கு ஒரு விண்ணப்பத்தில் நானோ என்று போட்டதற்காக மட்டும் யாரும் பணம் தரமாட்டார்கள். ஆனால் விஷயம் எங்கும் போகவில்லை, பேட்டரி, வினையூக்கி, மெம்பிரேன், மருந்து என்று வேறு வேறு கதவு வழியாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆர்என்ஏவைச் சுற்றிக் கொழுப்பு நானோ துகள் கட்ட வேண்டும், அதற்கு இரண்டு திரவங்களை மில்லி விநாடிக் கணக்கில் மோதவிட்டுக் கலக்க வேண்டும். பெரிய தொட்டியில் அது நடக்காது என்பதால் ஃபைசர் கம்பெனி கைக்கு அடக்கமான மிக்சர்களையே இணையாக அடுக்கி உற்பத்தியைக் கூட்டியது. கலக்குவது யார் வேலை? நம் வேலை. அதே வகைத் தடுப்பூசி செய்த மாடர்னா கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் லாங்கர் எம்ஐடியில் 1974-ல் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் முனைவர் பட்டம் வாங்கியவர். எண்ணெய்க் கம்பெனி வேலைகள் வரிசையாக வந்தபோதும் அவற்றை விட்டுவிட்டு ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்குப் போன மனிதர். (அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம், அது அமெரிக்கா, நம் கதை வேறு.)

ஆகவே கவலை ஸ்கோப்பைப் பற்றி அல்ல, நானோவுக்குள் நீங்கள் எந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்பதைப் பற்றித்தான். ஒரு புதுத் துகளைச் செய்து, நாலு கருவியில் காட்டி, படம் எடுத்து, பேப்பர் போட்டு, அடுத்த துகளுக்குப் போவது ஒரு வகை. அதைச் செய்ய வேதியியல்காரர்கள் இருக்கிறார்கள், நம்மைவிட நன்றாகவே செய்வார்கள். அந்தத் துகள் ஏன் அந்த அளவில் வந்தது, நாளைக்குச் செய்தாலும் அதே அளவில் வருமா, 100 மில்லியில் வந்தது 100 லிட்டரில் வருமா, கிலோவுக்கு என்ன செலவாகும் என்று கேட்பது இன்னொரு வகை. கெமிக்கல் இன்ஜினியர் நிற்க வேண்டிய இடம் இதுதான், இங்கே கூட்டமும் குறைவு.

100 மில்லி என்றேனே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். தங்க நானோ துகள் செய்கிற பழைய முறை ஒன்று உண்டு, 1951-ல் டர்கெவிச் குழுவினர் வெளியிட்டது. தங்க உப்பை மிகவும் நீர்த்த கரைசலாக எடுத்துக் கொதிக்கவிட்டு சோடியம் சிட்ரேட்டை ஊற்றுவீர்கள். லேசான மஞ்சள் மறைந்து, கறுத்துப் போய், இனி அவ்வளவுதான் என்று நினைக்கும்போது ஒயின் சிவப்பு மெதுவாக ஏறும். கொதிக்கும் பீக்கரில், காந்தக் கட்டி சுழல்கிற வேகத்தில், சிட்ரேட் நொடியில் கலந்துவிடும். அதையே பெரிய தொட்டியில் ஊற்றினால் ஊற்றிய இடத்தில் ஒரு செறிவு, மூலையில் ஒரு செறிவு. துகளாக வளரப் போகிற கருக்கள் ஒரே நேரத்தில் பிறக்காது, முன்னால் பிறந்தது பெருத்துவிடும், பின்னால் பிறந்தது சிறுத்து நிற்கும். வெப்பமும் அப்படித்தான். அதே வடிவத்தில் கொள்ளளவை 1,000 மடங்காக்கினால் வெப்பம் கடக்கிற சுவர்ப் பரப்பு 100 மடங்குதான் ஆகும், ஆக ஒரு லிட்டருக்குக் கிடைக்கிற சுவர் பத்தில் ஒரு பங்கு. இதற்கு வழி தேடித்தான் தொட்டியை விட்டுக் குழாய்க்குப் போகிறார்கள். உங்கள் இரண்டாவது கைடு தொடர் ஓட்டம் என்று சொன்னது இதைத்தான். அவருக்குப் பேப்பர் ஏன் குறைவு என்பதும் இதில் இருக்கிறது. பம்ப் துடிக்கும், குழாய்ச் சுவரில் துகள் படிந்து அடைக்கும், அதைச் சரிசெய்யவே ஆறு மாதம் போகும், அந்த ஆறு மாதத்தில் பீக்கர்காரர் நாலு இலையை அரைத்து முடித்திருப்பார்.

இலைக்கு வருகிறேன். துளசி, வேம்பு, செம்பருத்தி, முருங்கை, ஆவாரை என்று நம் ஊரில் வெள்ளி நானோ துகளுக்குச் சாறு கொடுக்காத செடி மிச்சம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. முறை பொய் இல்லை, இலையில் இருக்கிற பாலிபீனால் என்கிற சேர்மங்கள் வெள்ளி அயனியை வெள்ளி உலோகமாக ஒடுக்கத்தான் செய்கின்றன. சிக்கல் வேறு. சித்திரையில் பறித்த இலையும் ஐப்பசி மழைக்குப் பிறகு பறித்த இலையும் ஒன்றல்ல, சாற்றில் எது எவ்வளவு இருந்தது என்று அளக்காதவரை அடுத்த ஆள் அதைத் திருப்பிச் செய்ய முடியாது. அந்த அளவீட்டை முதல் வேலையாக வைத்துச் செய்கிற லேபும் இருக்கலாம், அப்படி ஒன்று கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் வருடத்துக்கு 40 பேப்பர் என்கிற வேகத்தில் அதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

சாயக் கழிவுநீரும் அதே மாதிரிதான். மெத்திலீன் ப்ளூ சாயத்தில் துகளைப் போட்டு, விளக்கைப் போட்டு, நீலம் வெளுத்தது, 95 சதவீதம் சிதைந்தது என்று எழுதுவார்கள். வெளுத்ததில் எவ்வளவு துகளின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டது? விளக்கில்லாமல் இருட்டில் ஓட்டிப் பார்த்தார்களா? அந்தச் சாயமே 664 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்) ஒளியை விழுங்குகிற பொருள், அதனால் கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் சோதித்தால் வேலை செய்தது துகளா, சாயமா என்று பிரிப்பதே பெரும்பாடு. திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீரைத் தொடாத சோதனையை அந்தத் தண்ணீருக்கான தீர்வு என்று சொன்னால் பட்டறைக்காரர் சிரிப்பார்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பின்னால் ஆசிரியர் வேலை நேர்காணலில் உட்காரும்போது இதுதான் வெளியே வரும். நான் அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவன், என் பழக்கமான கேள்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் (இனி வேறு கேள்வி தேட வேண்டும், பரவாயில்லை). உங்கள் துகளுக்கு எக்ஸ் கதிரை வைத்து அளக்கிற எக்ஸ்ஆர்டி 12 நானோமீட்டர் சொல்கிறது, எலெக்ட்ரான் நுண்ணோக்கியான டிஇஎம் படத்தில் 30 தெரிகிறது, ஒளிச் சிதறலை அளக்கிற டிஎல்எஸ் 140 காட்டுகிறது, எது சரி? 20 பேப்பர் வைத்திருக்கிற ஆட்களும் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்ற இரண்டும் கருவிப் பிழை என்கிறார்கள். மூன்றும் சரியாக இருக்கலாம். எக்ஸ்ஆர்டி கோட்டின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாடு தருவது படிகத்தின் அளவு, ஒரு துகளுக்குள் பல படிகம் இருக்கும். டிஇஎம் காட்டுவது காய்ந்த துகளை. டிஎல்எஸ் பார்ப்பது தண்ணீருக்குள் மேல்பூச்சும் சுற்று நீருமாக நகர்கிற உருவத்தை, இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் ஒன்றாகத்தான் பார்க்கும். அதோடு சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாவது அடுக்காக ஏறுவதால், 100 நானோமீட்டர்த் துகள் ஒன்று, 10 நானோமீட்டர்த் துகள்கள் பத்து லட்சம் சேர்ந்து தருகிற வெளிச்சத்தைத் தந்துவிடும், கொஞ்சம் தூசி விழுந்தாலே கணக்கு கெட்டது. இதைச் சொல்லி, டிஇஎம்-மில் எத்தனை துகளை எண்ணினேன், அழகான மூலையை மட்டும் படம் பிடிக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்றும் சொல்கிற ஆளுக்கு, பேப்பர் நாலே இருந்தாலும் நான் கை தூக்குவேன். எல்லாத் தேர்வுக் குழுவும் அப்படி என்று சொல்ல மாட்டேன். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற இடங்கள் நிறைய, குறிப்பாகத் தரவரிசைக்காகப் பேப்பர் சேர்க்கிற தனியார் நிறுவனங்கள்.

அப்புறம், நம் தொழிலின் பழைய ஆயுதத்தை நானோ லேபுக்குப் போனதும் பரணில் போட்டுவிடாதீர்கள், உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று பார்க்கிற பொருள் சமன்பாட்டைச் சொல்கிறேன். 2021-ல் சந்தைக்கு வந்த நானோ யூரியாவை 500 மில்லி பாட்டில் ஒன்று ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்று அறிவித்தார்கள். பாட்டிலில் 4 சதவீதம் நைட்ரஜன் என்றால் 20 கிராம். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் என்றால் 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு இடைவெளி. இலையில் தெளிப்பதால் வீணாகாமல் சேர்கிறது என்கிறார்கள் தயாரித்தவர்கள். மூட்டையில் பாதிக்கு மேல் வீணானாலும் மிச்சம் கிலோக் கணக்கில் நிற்கிறதே, இந்த 20 கிராம் முழுசாக உள்ளே போனாலும் 20 கிராம்தானே என்று கேட்கிறார்கள் வேளாண் விஞ்ஞானிகள் பலர். இந்தக் கணக்குக்குக் கருவி எதுவும் வேண்டாம், உறையின் பின்பக்கம் போதும்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். சென்னை ஐஐடியில் பிரதீப் குழுவினர் இரும்பு ஆக்சி ஹைட்ராக்சைடு நானோ அமைப்பை, இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசானில் வைத்து, ஆர்சனிக் கலந்த குடிநீரைச் சுத்தப்படுத்துகிற பொருளாக்கினார்கள். அறை வெப்பத்திலேயே, தண்ணீரிலேயே தயாரிக்க முடிகிற பொருள், ஊர்த் தண்ணீர்த் தொட்டிகள் வரை போய்விட்டது. அவர் வேதியியல்காரர். ஆனால் வடிகட்டியில் எத்தனை லிட்டர் ஓடிய பிறகு பொருள் களைத்துப் போகும், களைத்ததை என்ன செய்வது, லிட்டருக்கு எத்தனை பைசா என்று பொறியாளர் கேட்கிற கேள்வியெல்லாம் அதற்குள் இருக்கிறது. உங்கள் இரும்பு ஆக்சைடு தலைப்பு இதற்குப் பக்கத்து வீடு, சேரும் முன்பே அந்த வேலைகளைப் படித்துவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் பெயின்ட் வேலையை ஏதோ சம்பந்தமில்லாத இடம் மாதிரி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். தினமும் பீட் மில்லில், அந்த மணி போட்டு அரைக்கிற மெஷினில், எதை அரைக்கிறீர்கள்? டைட்டானியம் டை ஆக்சைடு. அது 200, 300 நானோமீட்டர் பக்கத்தில் இருப்பதால்தான், அதாவது ஒளியின் அலைநீளத்தில் பாதி அளவில் இருப்பதால்தான், சுவரை மறைக்கிறது. அதையே 20, 30 நானோமீட்டருக்குக் குறைத்தால் வெண்மை போய், சன்ஸ்கிரீனில் போடுகிற பொருள் ஆகிவிடும். பொடியின் நைசை அளக்கிற ஹெக்மன் கேஜில் பேஸ்ட்டை இழுத்துப் பார்த்து, பொடி எங்கே தட்டுகிறது என்று ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் எழுதுகிறீர்களே, கட்டி உடைந்ததா, உடைந்தது திரும்ப ஒட்டாமல் இருக்க டிஸ்பர்சன்ட் போதுமா என்று பார்க்கிறீர்களே, கூழ்ம அறிவியலில் பாதி அதுதான். இரண்டாவது கைடிடம் பேசும்போது இதைச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லவில்லை என்றால் இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். டன் கணக்கில் துகளைக் கையாண்ட ஸ்காலர் பல லேபில் கிடையாது.

சேரும் முன் கைடைப் பற்றி விசாரிக்க வேண்டும், அதை அவர் அறையில் கேட்காதீர்கள், டீக்கடையில் அவருடைய ஸ்காலர்களிடம் கேளுங்கள். போன இரண்டு மூன்று பேர் எத்தனை வருடத்தில் சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுத்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், நடுவில் விட்டுப் போனவர் யார், ஏன்? முதல் வரைவை யார் எழுதுகிறார்கள், அதை அவர் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார்? முதல் பெயர் வேலை செய்தவருக்குப் போகிறதா? கருவி லேபில் இருக்கிறதா, இல்லை சாம்பிளைக் கொச்சியில் எஸ்டிஐசி, சென்னை ஐஐடியில் எஸ்ஏஐஎஃப் என்று பொதுக் கருவி மையங்களுக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா, அந்தக் கட்டணத்தைப் பிராஜெக்ட் தருகிறதா, ஸ்காலர் பையிலிருந்து போகிறதா? முதல் லேபையும் இதே கேள்விகளால் அளந்து பாருங்கள், நான் சொன்னேன் என்பதற்காகத் தள்ள வேண்டாம். அங்கே மாத உதவித்தொகை எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். வாய்வார்த்தைத் தொகை பாதியில் நிற்கும்.

பணத்துக்கு வருவோம். 2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. விடுதி இடமோ வீட்டு வாடகைப் படியோ தனி. இப்போது வாங்குகிற 38,000-க்குப் பெரிய வித்தியாசம் இல்லை, 9,000 கடன் தவணையும் ஓடும். ஆனால் இரண்டு விஷயம். தொகை சில நேரம் இரண்டு மூன்று மாதம் தாமதமாகும், அதனால் வேலையை விடும் முன் ஆறு மாதத் தவணை கையில் இருக்கட்டும். அதைவிடப் பெரியது, உங்களோடு சேர்ந்த நண்பர் ஐந்து வருடத்தில் மேனேஜர் ஆகியிருப்பார், நீங்கள் 42,000-லேயே இருப்பீர்கள். அப்பா கண்ணுக்கு இதுதான் தெரிகிறது, தெரிவது சரிதான்.

வயதுக் கணக்கையும் போட்டுவிடுவோம். 31-ல் பிஎச்டி, அப்புறம் ஜெர்மனியோ கொரியாவோ இரண்டு வருடம் போஸ்ட் டாக், 33, 34. ஐஐடிகளில் உதவிப் பேராசிரியர் பதவிக்கு 35-க்குள் இருப்பதை விரும்புவார்கள், அதில் மேல்படியான கிரேட் ஒன்று என்றால் சம்பள லெவல் 12-ல் அடிப்படைச் சம்பளம் 1,01,500. மத்திய அரசு இளம் ஆய்வாளர்களுக்கு நடத்துகிற இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டத்துக்குப் பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரைதான், பிஎச்டி இழுத்தால் அது கைநழுவும். இந்த இடங்கள் குறைவு, போட்டி பலமானது. நல்ல பிஎச்டி செய்தவர்களிலும் பெரும்பாலோர் அங்கே போவதில்லை. அது கிடைக்காவிட்டால் கீழே என்ன இருக்கிறது என்பதில்தான் உங்கள் இரண்டு லேபும் வேறுபடுகின்றன. இலைச்சாறு பிஎச்டிக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் ஒரு சுயநிதிக் கல்லூரி, அதுவும் கெமிக்கல் துறையை மூடாமல் வைத்திருக்கிற கல்லூரி, அரசு அளவுச் சம்பளம் காகிதத்தில் மட்டும் இருக்கிற இடம். துகளைத் தொடர் ஓட்டத்தில் அளவு பிசகாமல் தயாரிக்கத் தெரிந்த ஆளுக்கு வினையூக்கிக் கம்பெனி, பேட்டரிப் பொருள், மருந்துத் துகள், சிப் தகட்டைத் தேய்க்கிற சிலிக்கா, சீரியா குழம்பு என்று ஆர் அண்ட் டி கதவுகள் உண்டு. காரைக்குடி செக்ரி (மின்வேதியியல் ஆய்வகம்) போன்ற மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களும் உண்டு. அப்பாவிடம் பேச வேண்டியது இந்தப் பகுதியைத்தான். பேராசிரியர் ஆவேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், ஆகாவிட்டால் என்ன செய்வேன் என்று சொல்லுங்கள். நடுவில் பெயின்ட் தொழிலுக்கே திரும்பினாலும் வேறு மேசையில் உட்காருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கடைசியாக ஒரு சில்லறை வேலை, ஆனால் விட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் பீரியடை முழுசாக முடித்து, ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டும் தேதியோடு, வேலை விவரத்தோடு வாங்கிக்கொண்டு போங்கள். பல அறிவிப்புகளில் கிரேட் ஒன்றுக்கு மூன்று வருட அனுபவம் கேட்பார்கள், பிஎச்டி செய்த காலம் அதில் சேராது, தொழிற்சாலையில் இருந்த காலம் சேரும். சில இடங்களில் பிஎச்டிக்குப் பிந்தியது மட்டும் என்று போட்டிருக்கும், அங்கே போஸ்ட் டாக்கை வைத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் இந்த இரண்டு வருடம் அப்படியே கணக்கில் ஏறும். கம்பெனி விட்டு ஏழு வருடம் கழித்துப் போய் எச்ஆரிடம் அந்தச் சர்டிஃபிகேட்டைக் கேட்டால், உங்களைத் தெரிந்தவர் ஒருவர்கூட அங்கே இருக்க மாட்டார்.